அரணும் விரைவும்

கோட்டைக்கு மதில் எழுப்புவோர் அதற்கு வாயிலும் அமைத்தாக வேண்டும். வாயிலில் காவல் மிகுந்தால் பகைவர் நுழைவது அரிதாகும். ஆயின், நாள்தோறும் வந்து செல்லும் வணிகரும் காத்து நிற்க நேரும். கணிப்பொறி வரலாற்றில் இவ்வுண்மை தெள்ளத் தெளியப் புலப்பட்ட காலம் 2018ஆம் ஆண்டுச் சனவரித் திங்களாகும். அத்திங்களில் உலகெங்கும் இயங்குதளங்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் திருத்தப்பெற்றன. அத்திருத்தத்தின் சுமையை மிகுதியும் சுமந்தவற்றுள் தரவுத்தள வழங்கிகள் குறிப்பிடத்தக்கவை. அது நேர்ந்த வகையை அறிதல் கணிப்பொறி பயிலும் மாணவர்க்கு நற்பாடமாகும்.

இயங்குதளத்தின் உட்கருவைக் கெர்னல் என்பர். நினைவகம், வட்டு, வலையிணைப்பு ஆகிய அனைத்தும் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. பிற மென்பொருள்கள் எவையும் இவற்றை நேரே தீண்ட இயலா. கெர்னலிடம் வேண்டியே பெறுதல் வேண்டும். இவ்வேண்டுகோள் ஒவ்வொன்றும் வாயிலைக் கடந்து உள்ளே சென்று மீள்வதை ஒக்கும். தரவுத்தள வழங்கியோ ஓயாது வாயிலைத் தட்டும் இயல்பினது. வினா ஒன்று வலைவழி வந்தால் அதைப் பெறுவதற்கு ஒரு வேண்டுகோள். வட்டிலுள்ள ஏட்டைப் படிப்பதற்கு ஒன்று. விடையை அனுப்புவதற்கு மற்றொன்று. பணி மிகுந்த வழங்கியில் இத்தகைய கடப்புகள் நொடிக்குப் பல்லாயிரமாகப் பெருகுவது இயல்பே.

இக்கடப்பு விரைந்து நிகழும்பொருட்டு, இயங்குதளங்களை வகுத்தோர் நெடுங்காலம் ஓர் உத்தியைக் கையாண்டனர். நினைவகத்தின் எப்பகுதி எங்குள்ளது எனக் காட்டும் பக்க அட்டவணை ஒன்று ஒவ்வொரு மென்பொருளுக்கும் உண்டு. கெர்னலுக்குரிய பகுதிகளையும் அதே அட்டவணையில் எழுதி, ‘நுழையத் தடை’ என்னும் குறியை மட்டும் இட்டு வைத்தனர். ஆகவே, கெர்னலுக்குள் செல்லும்போது அட்டவணையை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. தடைக்குறியைச் செயலி மதிக்கும் என்னும் நம்பிக்கையே இவ்வமைப்பின் கடைக்காலாக விளங்கியது.

2018 சனவரி 3ஆம் நாள் அக்கடைக்கால் ஆட்டங்கண்டது. ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்னும் இரு குறைபாடுகள் அன்று வெளியிடப்பெற்றன. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த யான் ஹார்ன், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆகியோர் இவற்றைக் கண்டறிந்தோருள் அடங்குவர். விரைவு கருதிச் செயலிகள் ஆணைகளை வரிசை மாற்றி முன்கூட்டியே செய்து பார்ப்பதுண்டு. தடைக்குறியைக் கண்டபின் அம்முடிவைக் கைவிட்டுவிடும். ஆயினும், கைவிட்ட முடிவின் சுவடு இடைநினைவகத்தில் எஞ்சி நிற்கும். அச்சுவட்டைக் கொண்டே கெர்னலின் மறைபொருளைப் படித்துவிடலாம் என்பதே மெல்ட்டவுன் உணர்த்திய பேரிடர். 1995 முதல் வெளிவந்த இண்டெல் செயலிகளுள் பெரும்பாலானவை இதற்கு இலக்காகக் கூடியவை எனக் கூறப்பட்டது.

செயலியைக் கழற்றி மாற்றுதல் எளிதன்று. எனவே, இயங்குதளமே மாற வேண்டியதாயிற்று. கிராட்ஸ் ஆய்வாளர் 2017இல் வேறொரு தாக்குதலைத் தடுக்க முன்மொழிந்த ‘கெய்சர்’ என்னும் திட்டம் இதற்கு வழிகாட்டியது. அதன்வழி லினக்ஸில் பக்க அட்டவணை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மென்பொருள் இயங்குங்கால் காணும் அட்டவணையில் கெர்னலின் இன்றியமையாச் சிறு பகுதி தவிர வேறெதுவும் இராது. எழுதப்படாத இடத்தை ஊகித்தும் எட்ட இயலாதன்றோ! ஆயின், வாயிலைக் கடக்குந்தோறும் அட்டவணையை மாற்றுதல் கட்டாயமாயிற்று. அவ்வாறு மாற்றும்போது, பழைய செயலிகள் தாம் குறித்து வைத்திருந்த முகவரிக் குறிப்புகளை அழித்துவிட்டு மீண்டும் தேட நேர்ந்தது. குறிப்புகளைப் பெயரிட்டுப் பிரித்து வைக்கும் ‘பிசிஐடி’ வசதி உள்ள செயலிகளுக்கு இத்துன்பம் குறைவு.

இழப்பின் அளவு விரைவில் தெரிய வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோருள் ஒருவரான ஆந்திரேஸ் ஃபிராய்ண்ட், குறைபாடு வெளியாவதற்கு முன்னரே, திருத்தப்பட்ட லினக்ஸில் சோதனை நடத்தினார். மிக எளிய வினவலை இடைவிடாது அனுப்பியபோது, பிசிஐடி வசதியுடன் 17 விழுக்காடும், அவ்வசதியின்றி 23 விழுக்காடும் வேகம் குன்றியது. அச்சோதனை ஒரே கணிப்பொறிக்குள் நிகழ்ந்தது. வலையிணைப்பின் தாமதமும் சேரும் நடைமுறையில் தாக்கம் இதனினும் குறையக்கூடும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். குறுகிய பரிமாற்றங்கள் மிகுந்த தரவுத்தளங்களில் இழப்பு மிகுதி எனவும், நெடிது கணக்கிடும் பகுப்பாய்வுப் பணிகளில் குறைவு எனவும் ரெட் ஹேட் நிறுவனம் வகைப்படுத்தியது. வாயிலை அடிக்கடி தட்டுவோர்க்கே காவலின் சுமை மிகுதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்விழுக்காடுகளை எளியனவாகக் கருதலாகாது. வேகம் 23 விழுக்காடு குறையின், முன்னர் 100 வினாக்களுக்கு விடையளித்த அதே நேரத்தில் 77 வினாக்களுக்கே விடை கிட்டும். பழைய அளவை எட்ட வேண்டுமெனில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் ஆற்றல் தேவை. பாதி ஓய்ந்திருக்கும் வழங்கியில் இவ்வேறுபாடு எளிதில் தோன்றாது. முழுத் திறனுடன் உழைக்கும் வழங்கியிலோ, வரிசை நீண்டு, காத்திருப்பு மேன்மேலும் பெருகும்.

திருத்தத்தை ஏற்பதா, தவிர்ப்பதா என்னும் தடுமாற்றம் நிருவாகிகளிடையே எழுந்தது. பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணிப்பொறியில் அயலார் எழுதிய மென்பொருளும் இயங்குமாதலால் அங்கே தவிர்ப்பது பெருந்தீங்கு. தரவுத்தளம் மட்டுமே தனித்தியங்கும் வழங்கியில் இடர் அத்துணைப் பெரிதன்று. ஒவ்வொரு வழங்கியின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து பாதுகாப்பையும் விரைவையும் சீர்தூக்குமாறு மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அறிவுறுத்தியது. ஸ்பெக்டரைத் தடுக்க இண்டெல் வழங்கிய நுண்நிரல் திருத்தமோ சில கணிப்பொறிகளை எதிர்பாராது மறுதொடக்கம் செய்வித்தது. அதனால், அதனைப் பரப்புவதை நிறுத்துமாறு சனவரி 22ஆம் நாள் அந்நிறுவனமே கேட்டுக்கொண்டது. விரைந்து செய்த மருந்தும் நோய் தரக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பின்னர் வந்த செயலிகள் பலவற்றில் மெல்ட்டவுன் குறை வன்பொருளிலேயே களையப்பட்டது. அவற்றில் லினக்ஸ் இரட்டை அட்டவணையைத் தானே கைவிடுகிறது. ஆயினும், இவ்வரலாறு கற்பித்த பாடம் பழமைப்படவில்லை. தரவுத்தளத்தின் நிரலில் ஓர் எழுத்தேனும் மாறாதிருந்தும் அதன் வேகம் மாறிற்று. அது நின்ற நிலம் மாறியதே காரணம். ஆதலின், இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன் வழங்கியின் வேகத்தை அளந்து குறித்தல் வேண்டும். புதுப்பித்தபின் மீண்டும் அளத்தல் வேண்டும். முன்னளவு இல்லாதவன் இழந்தது எவ்வளவு என்பதையும் அறியான். அரணுக்குத் தான் கொடுத்த விலை தகுமா என்பதையும் அறியான்.