பெயிண்ட் கணக்கும் தண்ணீர் உருண்டையும்

நண்பர் ஒருவருக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். இயந்திர பாகத்தின் கேட் மாடலைக் கொடுத்தால், எத்தனை சதுர மீட்டருக்கு பெயிண்ட் தேவை என்று அது சொல்ல வேண்டும். இதுல என்ன இருக்கு என்றுதான் நினைத்தேன். எஸ்டிஎல் கோப்பில் உருவத்தின் மேற்பரப்பு முழுக்க முக்கோணங்களாகவே இருக்கும். ஒவ்வொன்றின் பரப்பையும் கூட்டினால் வேலை முடிந்தது. பதினைந்து வரி கூட ஆகவில்லை.

விடை ரொம்ப அதிகமாக வந்தது. போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு தகடுகளின் ஒட்டிய முகங்கள், மூடிய பெட்டியின் உள்சுவர் என எல்லாவற்றையும் என் நிரல் கூட்டியிருந்தது. 10 செ.மீ. பக்கமுள்ள இரண்டு கனசதுரங்களை முகத்தோடு முகம் ஒட்டிப் பாருங்கள். மொத்தம் 12 முகங்கள், 1,200 ச.செ.மீ. ஆனால் பெயிண்ட் படுவது 1,000 மட்டும்தான்.

சரி, "வெளியே தெரியும் பரப்பை" எப்படிக் கணக்கிடுவது என்று தேடிக்கொண்டு போனால், வழி உயிர்வேதியியலுக்குள் கொண்டுபோய் விட்டது. புரதங்களை ஆராய்ந்தவர்கள் ஐம்பது வருடங்களுக்கு முன்பே இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

புரதம் என்பது நீளமான சங்கிலி. அது மடிந்து சுருண்டு ஒரு பந்து போல ஆகிவிடும். எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் தண்ணீரை விட்டு உள்ளே ஒதுங்கும் என்பது அப்போதே பேசப்பட்ட கருத்து. எந்த அணு எவ்வளவு வெளியே இருக்கிறது என்று அளந்தால்தானே அதைச் சோதிக்க முடியும்? எக்ஸ்ரே படிக முறையால் அணுக்களின் இடங்கள் தெரிந்திருந்தன. 1971-ல் யேல் பல்கலைக்கழகத்தின் லீயும் ரிச்சர்ட்ஸும் ஒரு யோசனை சொன்னார்கள். தண்ணீர் மூலக்கூறை 1.4 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள உருண்டையாக நினைத்துக்கொள்ள வேண்டும். (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.) அந்த உருண்டையைப் புரதத்தின் மேல் உருட்டும்போது அதன் மையம் போய்வரும் பரப்புதான் எட்டக்கூடிய பரப்பு. கணக்குப் போட, புரதத்தை ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வெளியே தெரியும் வில்களின் நீளத்தைக் கூட்டினார்கள்.

1973-ல் ஷ்ரேக், ரப்லி இருவரும் செய்தது இன்னும் எளிது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு அணுவின் ஆரத்தோடும் 1.4-ஐக் கூட்டி ஒரு கோளம் வரைந்து, அதன்மேல் 92 புள்ளிகளைப் பரப்பினார்கள். பக்கத்து அணுக்களின் கோளங்களுக்குள் சிக்காத புள்ளிகள் எத்தனை என்று எண்ணினார்கள். 92-ல் 23 தப்பினால் கால் பங்கு வெளியே. அவ்வளவுதான்! வெட்டிக் கூட்டும் வேலையே கிடையாது.

அதையே முக்கோணங்களுக்குப் போட்டேன். பரப்புக்கு ஏற்ற விகிதத்தில் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பல திசைகளில் கோடு விட்டேன். ஒரு கோடாவது எதன்மேலும் முட்டாமல் தப்பினால் அந்தப் புள்ளி வெளியே இருக்கிறது. 10,000 புள்ளிகள் போட்டால், பாதி வெளியே உள்ள உருவத்துக்கு வழக்கமான பிழை 0.5 சதவீதப் புள்ளி அளவில் இருக்கும். பெயிண்ட் கணக்குக்கு இது தாராளம்.

ஆனால் வளைந்த குழாய் ஒன்று என்னை மடக்கியது. அதன் நடுப்பகுதியிலிருந்து எந்தக் கோடும் வெளியே போகாது. தொட்டியில் முக்கியெடுத்தாலோ பெயிண்ட் அங்கேயும் போய்விடும். ஸ்ப்ரேக்கு உள்ளே இருக்கும் இடம் முக்கலுக்கு வெளியே! லீயும் ரிச்சர்ட்ஸும் ஒரு உருண்டையை நடுவில் கொண்டுவந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. உருண்டையின் அளவை மாற்றினால் விடையும் மாறும்.

முக்கலுக்கு வேறு வழி எடுத்தேன். மாடலைச் சுற்றியுள்ள இடத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, வெளி மூலையிலிருந்து தண்ணீர் மாதிரி காலிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். நிரம்பிய கட்டத்தைத் தொடும் பரப்பெல்லாம் வெளியே. கட்டத்தை விடக் குறுகலான இடுக்குக்குள் அது நுழையாது. ஆக, கட்டத்தின் அளவுதான் என் தண்ணீர் உருண்டை.

இப்போது நிரலை ஓட்டினால் முதலில் ஒரு கேள்வி வரும்: ஸ்ப்ரேயா, முக்கலா?