துளையில்லாப் பொத்தான்: கையடக்க ஒலிக்கருவிகளின் நீர்காப்பு குறித்து

கையடக்க ஒலிக்கருவியின் உறையில் தண்ணீர் நுழையக்கூடிய இடங்கள் பல. உறையின் இரு பாதிகள் சேரும் விளிம்பை ரப்பர் வளையமோ பசையோ அடைத்துவிடும். சார்ஜ் செய்யும் வாய்க்கு இறுக்கமான மூடி உதவும். பொத்தான் அப்படியன்று. அசைந்தால்தான் அது வேலை செய்யும். அசையும் இடத்தை அடைப்பதோ கடினம். இந்தச் சிக்கலிலிருந்து தப்பப் பொத்தானையே கைவிட்டுத் தொடுபரப்புக்கு மாறுவது இன்று பரவலான வழக்கம். நனையும் கருவிகளுக்கு அது தவறான தீர்வு என்பதே இக்கட்டுரையின் வாதம். நீக்க வேண்டியது இயந்திரச் சுவிட்சை அன்று. உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும் தண்டை.

தொடுபரப்பு விரலை மின்தேக்குத்திறனின் மாற்றத்தால் அறிகிறது. தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80 என்பதால் நீரும் அந்தத் திறனை மாற்றிவிடும். ஈரம் படர்ந்த பரப்பில் விரல் எது, நீர் எது என்று பிரித்தறியச் சில்லு தடுமாறுகிறது. மழையில் ஓடுபவரின் இயர்போனில் பாட்டு தானாக நிற்பதற்கு இது ஒரு காரணம். நீச்சல் வீரரின் நிலை இன்னும் கடினம். புளூடூத் அலைகளை நீர் உறிஞ்சிவிடுவதால் பாடல்களைக் கருவிக்குள்ளேயே சேமித்துத் தலையில் அணிந்துகொள்கிறார். கண்ணுக்குத் தெரியாத பொத்தானை மேடுபள்ளம் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழவழப்பான தொடுபரப்பால் அவருக்கு என்ன பயன்? ஆப்பிள் 2019இல் வெளியிட்ட ஏர்பாட்ஸ் புரோவின் தண்டில் விரல்களால் பிடித்து அழுத்தும் உணரி இருக்கிறது. அதில் துள்ளும் சுவிட்ச் இல்லை. ஆனாலும் அது கேட்பது தொடுகையை அன்று, அழுத்தத்தை. நனைந்த சூழலில் விசையே நம்பகமான செய்தி.

சோனி 1983இல் கொண்டுவந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் வாக்மேன், டபிள்யூஎம்-எஃப்5, நீர்த்தெறிப்பைத் தாங்கும்படி அமைந்தது. அக்காலக் கேசட் இயந்திரங்கள் பலவற்றில் பொத்தானை அழுத்தும் விசையே காந்தத் தலையை நாடாவோடு சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே பொத்தான் பல மில்லிமீட்டர் நகர்ந்தாக வேண்டியிருந்தது. இன்றைய டோம் சுவிட்சில் மெல்லிய எஃகு வில்லை ஒன்று 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் அமுங்கி மடங்கினால் போதும், 'க்ளிக்' என்று மின்சுற்று மூடிக்கொள்கிறது. இவ்வளவு சிறிய நகர்வுக்குத் துளையே வேண்டாம். உறையின் சுவரில் ஓரிடத்தை மென்மையான சிலிக்கோனாகவோ வார்ப்பிலேயே பிளாஸ்டிக்கோடு ஒட்டிய ரப்பராகவோ செய்தால், சுவரே வளைந்து உள்ளிருக்கும் வில்லையை அழுத்தும். புளூடூத் ஸ்பீக்கர்களின் மேற்புறத்தில் நாம் காணும் ரப்பர்ப் பொத்தான்கள் பல இந்த வகையே.

ஆனால் வளையும் சுவரை நீரும் அழுத்தும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் சுமார் 9.8 கிலோபாஸ்கல். 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்சவ்வின் முழுப் பரப்பும் அந்த விசையைக் கடத்துவதாகக் கொண்டால், வில்லையின்மேல் விழுவது 1.5 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 154 கிராம் எடை. 160 கிராமில் மடங்கும் வில்லையை அங்கே வைத்தால், விரல் படுவதற்கு முன்பே அது மடங்கும் தறுவாயில் நிற்கும். விட்டத்தை 8 மில்லிமீட்டராகக் குறைத்தால் சுமை சுமார் 50 கிராமாக இறங்கிவிடும். பெரிய பொத்தான் பார்வைக்கு அழகு, கைக்கு எளிது. ஆழத்தில் அதுவே பகை.

வெப்பநிலையும் கணக்கில் சேர வேண்டும். வெயிலில் 40 பாகை செல்சியசுக்குச் சூடான கருவி 25 பாகை நீரில் விழுந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 4.8 விழுக்காடு குறையும். இது கூடுதலாக அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம். காற்றை மட்டும் விடும் விரித்த டெஃப்லான் சவ்வு வெளியில் இருக்கும்போது இந்த வேறுபாட்டைச் சமன் செய்யும். முழுதும் மூழ்கிய பின் அதன் வாயை நீரே மூடிவிடும்.

தண்டைச் சுற்றி ஓ-ரிங் போடும் பழைய முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. நகர்வு 0.2 மில்லிமீட்டராக இருக்கும்போது வளையம் வழுக்குவதில்லை, நின்ற இடத்திலேயே உருக்குலைந்து மீள்கிறது. ஆயினும் ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ இடையில் சிக்கினால் கசிவு தொடங்கிவிடும். முக்குளிப்போரின் விளக்குகள் சிலவற்றில் உள்ளதுபோலக் காந்தத்தை வெளியே நகர்த்தி, சுவருக்குள் ரீட் சுவிட்சையோ ஹால் உணரியையோ இயக்குவது தூய்மையான வழி. ஒலிக்கருவியில் ஒலிபெருக்கியின் காந்தம் பக்கத்திலேயே இருப்பதால், இடத்தைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும்.

சுவர் முழுமையாக இருந்தாலும் ஈரம் வரும். சிலிக்கோன் நீரைத் தடுக்கும், நீராவியை எளிதில் விட்டுவிடும். ஆகவே கசிவைத் தாங்கும் மின்சுற்றும் நீர்காப்பின் பகுதியே. நீர்காப்பைப் பலர் இயந்திர வடிவமைப்பாளரின் வேலையாக மட்டும் எண்ணுவது வருந்தத்தக்கது. சுவிட்ச் முனையை மின்கலத்தோடு இணைக்கும் மின்தடை 1 மெகாஓம் என்றும், சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே படரும் ஈரப்படலத்தின் தடை 500 கிலோஓம் என்றும் கொள்வோம். முனையின் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகச் சரியும். யாரும் அழுத்தாமலேயே அழுத்தியதாகக் கருவி கருதிவிடலாம். அதே இடத்தில் 10 கிலோஓம் வைத்தால் 98 விழுக்காடு நிலைக்கும். அதற்குக் கூடுதலாகச் செலவாகும் மின்னோட்டமும் பெரும்பாலும் பொத்தான் அமுங்கிய நேரத்தில்தான். வெள்ளி மையால் அச்சிட்ட சுவிட்ச் தடங்களில் ஈரமும் இடைவிடாத மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி இடம்பெயர்ந்து கிளைகளாக வளரும். தடத்தின்மேல் கார்பன் பூசுவதும், தேவையான கணத்தில் மட்டும் மின்னழுத்தம் தருவதும் அதைக் குறைக்கும்.

உறைகளின் காப்பை வகைப்படுத்தும் ஐஇசி 60529 தரத்தில் ஐபிஎக்ஸ்7 என்னும் குறியீடு ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிட மூழ்கலைக் குறிக்கிறது. சோதனை நடப்பது நன்னீரில். வியர்வை, சோப்பு, கடல்நீர் அதில் இல்லை. பாகங்கள் இயங்கும் நிலையில் சோதிக்க வேண்டுமா என்பதை அந்தந்தப் பொருளுக்கான தரத்துக்கே அது விட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்து மீள்திறன் இழந்த ரப்பரைப் பற்றி அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் இரண்டு சோதனைகளைத் தாமாக முன்வந்து நடத்தி முடிவுகளை வெளியிட வேண்டும்: உப்புநீரில் மூழ்கியிருக்கும்போதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது, செயற்கையாக மூப்படையச் செய்த கருவியை மீண்டும் மூழ்கச் செய்வது. இவ்விரண்டும் இல்லாத நீர்காப்பு உறுதிமொழி, கடையிலிருந்து வந்த முதல் நாளுக்கு மட்டுமே பொருந்தும்.