புள்ளியும் கோடும் சொல்லும் ஒருமை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஒற்றுமை' என்று தலைப்புக் கொடுத்தால், நம்மில் பலர் தொலைக்காட்சியின் அலைவரிசையை மாற்றிவிடுவோம். அந்தச் சொல்லை மேடைக்கு மேடை கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. இன்று நான் பேச வந்தது அந்த மேடை ஒற்றுமையைப் பற்றி அல்ல. ஓவியத்தின் ஒருமையைப் பற்றி. ஒரு படத்தில் இருக்கும் பல உருவங்களும் பல நிறங்களும் எப்படி ஒரே படமாக நிற்கின்றன? இதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடையும், அந்த விடை கடல் தாண்டிக் கோலாலம்பூர் வரை வந்த கதையும் நம்மில் பலருக்குத் தெரியாது.

தீபாவளிக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளுக்குப் போனால், நடுக்கூடத்தில் வண்ண அரிசிக் கோலம் போட்டிருப்பார்கள். மேல்மாடிக் கம்பியில் சாய்ந்து பார்க்கும்போது மயிலும் தாமரையும் விளக்கும் ஒரே வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். மலாய்க்காரரும் சீனரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதே கோலத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். வெறும் அரிசி மணிகள்தான். மயில் எங்கே முடிகிறது, தாமரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அரிசியைக் கோலமாக்குவது எது?

புள்ளிக்குள் இருக்கும் கணக்கு

நம் பாட்டிமார் வாசலில் போட்ட நெளிக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் புள்ளி, அதன் பிறகுதான் கோடு. நேர்ப்புள்ளி என்றால் ஒரு முறை, இடுக்குப்புள்ளி என்றால் வேறொரு முறை. புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஓடும் கோடு எந்தப் புள்ளியையும் தொடாது. எந்தப் புள்ளியையும் விட்டுவிடவும் செய்யாது. பல கோலங்களில் அது கடைசியில் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு புள்ளி இடம் மாறினால் கோலம் முழுவதும் சிக்கிக்கொள்ளும்.

இது வெறும் கைப்பழக்கம் அல்ல. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் கோலத்தை ஆராய்ந்தார்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவதைப் போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் விடியற்காலையில் தரையில் போட்டதைத்தான் பேராசிரியர்கள் கணிதத் தாளில் எழுதினார்கள்.

ஓவியப் பாடநூல்கள் இதையே ஒருமை என்று சொல்கின்றன. அதற்குச் சில வழிகளும் சொல்கின்றன. பொருள்களை அருகருகே வைப்பது ஒன்று. ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் வரவைப்பது இன்னொன்று. கண்ணை ஒரு கோட்டின் வழியே இழுத்துப் போவது மற்றொன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறவர்கள் ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கும் வளைவுகளைக் கவனித்திருப்பீர்கள். 2010இல் 'லிட்டில் இந்தியா' திறக்கப்பட்டபோது அமைந்த தோற்றம் அது. கடைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் மீண்டும் மீண்டும் வரும் அந்த வளைவுகள் தெருவை ஒரே தெருவாகக் காட்டுகின்றன.

மேற்கிலும் இந்தக் கேள்வி பழையது. ஒரு பகுதியை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ முழுமை குலைய வேண்டும், குலையவில்லை என்றால் அது அந்தப் படைப்பின் உறுப்பே அல்ல என்று நாடகத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னார். இத்தாலியின் ஆல்பெர்த்தி 1435இல் ஓவியத்துக்கென்று எழுதிய நூலில், பரப்புகள் சேர்ந்து உறுப்பாகி, உறுப்புகள் சேர்ந்து உடலாகி, உடல்கள் சேர்ந்து ஒரு கதையாகும் என்றார்.

தஞ்சையின் இருட்டுச் சுவர்

இனி நம் வீட்டுக்கு வருவோம். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான நடை இருக்கிறது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பல நூற்றாண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த படங்கள் அவை.

அங்கே ஒரு சுவர் முழுவதும் சுந்தரர் வரலாறு. கீழே கல்யாண வீடு, சமையல், ஓலையோடு வந்து வழக்காடும் கிழவர். நடுவில் வெள்ளை யானை மேல் சுந்தரர், குதிரை மேல் சேரமான் பெருமாள். உச்சியில் கயிலை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் வெவ்வேறு காலத்தில் நடந்தவை ஒரே சுவரில் இருக்கின்றன.

அந்த நடையோ குறுகலானது. பின்னால் தள்ளி நின்று சுவர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. பேரங்காடிக் கோலத்தைப் போல மேல்மாடியிலிருந்து பார்க்கும் வசதி அங்கே இல்லை. அப்படியென்றால் ஒருமை எங்கிருந்து வருகிறது? கீழிருந்து மேலே போகும் ஓட்டத்திலிருந்து வருகிறது. யானையும் குதிரையும் எந்தப் பக்கம் விரைகின்றனவோ அந்தப் பக்கம் நம் கண்ணும் விரைகிறது. கல்யாண வீட்டில் தொடங்கிய பார்வை கயிலையில் போய் நிற்கிறது. பக்தி கதையைச் சேர்க்கிறது, கோடு படத்தைச் சேர்க்கிறது.

அழகன்குளத்திலிருந்து கோலாலம்பூருக்கு

சென்னையில் ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவருக்குப் பின் 1957 முதல் 1967 வரை கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர். மேற்கத்திய பாணியை அப்படியே எடுத்துக்கொள்வதா, நம் மரபிலிருந்து தொடங்குவதா என்று அந்தக் காலத்தில் அங்கே பெரிய தேடல் நடந்தது. பலர் கண்ட விடை, கோடு. கோயில் சிற்பத்திலும் வாசல் கோலத்திலும் இருக்கும் அதே கோடு.

அந்தக் கல்லூரியில் படித்து 1970களில் மலேசியா திரும்பியவர் ஓவியர் சையத் தாஜுதீன். அவர் 1943இல் ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பினாங்குப் பக்கம் வந்து சேர்ந்தவர். அழகன்குளம் சாதாரண ஊர் அல்ல. ரோமாபுரியோடு வணிகம் செய்த பழைய துறைமுகம். அங்கே அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது.

அந்த ஊரில் பிறந்த முஸ்லிம் ஓவியர் ராமாயணக் காட்சிகளைப் பெரிய பெரிய திரைகளில் வரைந்தார். மலாய்க் காவியங்களையும் மலாக்காவின் வரலாற்றையும் அதே கையால் வரைந்தார். அவருடைய படங்களைப் பாருங்கள். நீண்ட உடல்கள், பாதி மூடிய கண்கள், ஒன்றோடொன்று இணைந்து ஓடும் கோடுகள், படம் முழுவதும் பரவிய வெம்மையான நிறம். அஜந்தாச் சுவர்களின் சாயல் தெரியும். சீதையானாலும் மலாய் இளவரசியானாலும் ஒரே குடும்பத்துப் பெண்களாகத்தான் தெரிவார்கள். கதைகள் வேறு, கோடு ஒன்று.

அவருக்கு முன்பே இங்கே களம் இருந்தது. 1952இல் பீட்டர் ஹாரிஸ் கோலாலம்பூரில் தொடங்கிய 'புதன்கிழமை ஓவியக் குழு'வில் எல்லா இனத்தவரும் சேர்ந்து வரைந்தார்கள். கிரேஸ் செல்வநாயகமும் சிவம் செல்வரத்தினமும் அதில் இருந்தார்கள். மலாய்ப் பட்டுச் சரிகைத் துணியான சொங்கேட் பற்றி 1990இல் முக்கியமான நூலொன்றை எழுதியவர் அதே கிரேஸ் செல்வநாயகம்தான். நம் நாட்டு நவீன ஓவியர்களைப் பற்றி 1983இல் வந்த அடிப்படை நூலை எழுதிய இருவரில் ஒருவர் டி.கே. சபாபதி. இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அடிநிறம் எது?

சபாபதியோடு அந்த நூலை எழுதிய இன்னொருவர் ரெட்சா பியாதாசா. 1939இல் குவாந்தானில் பிறந்தவர், 2007இல் மறைந்தார். அவருடைய 'மலேசியத் தொடர்' படங்களில் பழைய ஸ்டுடியோப் புகைப்படங்கள் வரும். மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், இந்தியக் குடும்பம். விறைப்பாக உட்கார்ந்து கேமராவைப் பார்க்கும் பெரியவர்கள், பக்கத்தில் பிள்ளைகள். அந்தப் புகைப்படங்களைப் பெரிதாக்கி, நிறங்களையும் பூவேலைப் பட்டைகளையும் சேர்த்து அவர் படமாக்கினார். யாருடைய முகத்தையும் அவர் இன்னொருவர் முகம்போல மாற்றவில்லை. உடையையும் மாற்றவில்லை. நிறமும் பட்டையும் திரும்பத் திரும்ப வருவதால்தான் அவை ஒரு தொடராகின்றன.

இந்தப் படங்கள் வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1971 ஆகஸ்ட்டில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டார மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடிப்படை, பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்று அங்கே முடிவானது. அதன் பிறகு ஓவியர்கள் அனைவர் முன்னாலும் ஒரு கேள்வி நின்றது. ஒரு நாட்டின் ஓவியம் எதனால் ஒன்றாகிறது?

தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும், எந்தப் படத்துக்கும் ஓர் அடிநிறம் வேண்டும். அடிநிறம் இல்லாத படம் சிதறிப் போகும். ஆனால் அடிநிறம் மற்ற நிறங்களை எல்லாம் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் வர்ணம் பூசிய சுவர்தான், படம் அல்ல. ஒரே மாதிரி இருப்பது வேறு, ஒன்றாக இருப்பது வேறு. கிள்ளான் பூக்கடையில் மாலை கட்டுகிறவர் மல்லிகையை ரோஜாவாக மாற்றுவதில்லையே. நாரால் சேர்க்கிறார். நாரை அறுத்தால் எல்லாம் உதிர்ந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியது

இன்று பல வீட்டு வாசல்களில் ஒட்டுக்கோலம் ஒட்டியிருக்கிறது. நேரமில்லை, அடுக்குமாடியில் இடமில்லை, நியாயம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒட்டுக்கோலம் பிள்ளைக்குப் புள்ளி எண்ணக் கற்றுத் தராது. எந்தப் புள்ளியையும் விட்டுவிடாமல் கோட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுமையைக் கற்றுத் தராது. அந்த அறிவு ஒரு தலைமுறை கைவிட்டால் போய்விடும். தஞ்சைச் சுவரை மீட்க ஒரு கோவிந்தசாமி வந்தார். கைப்பழக்கத்தை மீட்க அடியில் ஒரு சுவர் இருக்காது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டில் பாட்டி இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளிலாவது நெளிக்கோலம் போடச் சொல்லுங்கள். இன்னொரு நாள் பிள்ளைகளைத் தேசிய ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். 1958இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த கூடம், 1998 முதல் ஜாலான் துன் ரசாக் பக்கம், ஜாலான் தெமெர்லோவில் இருக்கிறது. ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 'இதை எல்லாம் சேர்த்துப் பிடித்திருப்பது எது?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். கோடு என்று சொல்லலாம், நிறம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும், அந்தப் பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.