தீப்பிடித்தால் எதை எடுப்பீர்கள்?

வீடு எரிகிறது. ஒரே ஒரு பொருளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? நகையா, பத்திரமா?

ஜான் பீல் ஒரு மரப்பெட்டியைத்தான் தூக்கியிருப்பார் என்பார்கள். உள்ளே நூற்றுச்சொச்சம் குட்டி இசைத்தட்டுகள், அவ்வளவுதான்!

7 அங்குலத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று. 1949-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி கொண்டுவந்தது. விலை மலிவு. கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து இளசுகள் வாங்கித் தள்ளினார்கள்.

பீல், 1967 முதல் 2004 வரை பி.பி.சி. ரேடியோ 1-ல் தட்டு சுழற்றியவர். பேர் தெரியாத பையன்கள் அனுப்புவதையும் பொறுமையாகக் கேட்பார். வீட்டில் சேர்ந்தவை பல்லாயிரம். 1978-ல் வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து ‘டீனேஜ் கிக்ஸ்’ வந்தது. அந்த ஊர்த் தெருக்களில் அப்போது துப்பாக்கிச் சத்தம். பையன்கள் பாடியதோ காதலை! ஒலிபரப்பிய பீல், முடிந்ததும் மறுபடியும் அதையே போட்டார்.

2004 அக்டோபரில் பெரு நாட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பு. வயது 65. அவர் ஆசைப்பட்டபடியே, கல்லறையில் அந்தப் பாட்டின் ஒரு வரி.

உங்க வீட்டுப் பரணில் பழைய தட்டு கிடக்கிறதா? எடைக்குப் போடறதுக்கு முன்னால உறையைத் திருப்பிப் பாருங்க. யாரோ பேனாவால பேர் எழுதி வச்சிருப்பாங்க.