ஃபியூஸ் கட்டையும் பதினைந்து நாள் நோட்டீசும்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு சத்தம் நன்றாக நினைவிருக்கும். மதிய நேரம், வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம், அப்புறம் மீட்டர் பெட்டியின் தகரக் கதவு "கிரீச்" என்று திறக்கும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல நிற்கும். "பில் கட்டலையா?" என்று வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வயர்மேன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கட்டை திரும்பி வரும்வரை வீடு இருட்டுதான்.

அந்தக் கட்டையைப் பிடுங்க அவருக்கு எப்போது உரிமை உண்டு, எப்போது இல்லை? மின்சார நுகர்வோர் பாதுகாப்பின் நூறாண்டு வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சில வருடங்கள் செயலாளராக இருந்தபோது மனு எழுதிக் கொடுப்பதற்காகச் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்போது சேர்த்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோவையாகத் தருகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சென்னைக்கு மின்சாரம் தந்தது அரசாங்கம் அல்ல, மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி. பேசின் பிரிட்ஜில் அதன் மின் நிலையம் இருந்தது. மற்ற பல ஊர்களிலும் லைசென்சு பெற்ற கம்பெனிகளே விளக்கேற்றின. 1927-ல் சென்னை மாகாணத்தில் அரசு மின்துறை உருவானது. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. சென்னைக் கம்பெனியை அரசு 1947-ல் எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் பிறந்தது. அதன்பின் நமக்கெல்லாம் "ஈ.பி." என்றால் ஒன்றே ஒன்றுதான். வேறு கடை கிடையாது.

கம்பெனி காலத்துச் சட்டம் 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டதுதான், ஆனால் அதில் சாதாரண வீட்டுக்காரனுக்கு இரண்டு நல்ல கேடயங்கள் இருந்தன. ஒன்று, பணம் கட்டாவிட்டாலும் முழுதாக ஏழு நாள் எழுத்துமூல நோட்டீசு கொடுக்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இரண்டு, மீட்டர் சரியா தப்பா என்று சண்டை வந்தால் அதைக் கம்பெனியே தீர்மானிக்க முடியாது. எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் என்ற அரசு அதிகாரிதான் சொல்ல வேண்டும். அவரும் பழைய கணக்கைத் திருத்துவதானால் ஆறு மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது.

விற்பவனே தராசைச் சோதித்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லக் கூடாது என்பது எவ்வளவு எளிய நியாயம்! 1987-ல் மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டது. மீட்டர் பழுது பற்றிய தகராறை இன்ஸ்பெக்டர்தான் தீர்க்க வேண்டும், வாரியம் தன்னிச்சையாகப் பழைய பாக்கி போட முடியாது என்று தீர்ப்பானது.

ஆனால் வாரியங்கள் வந்த பிறகு நுகர்வோர் என்ற சொல்லே கொஞ்சம் மங்கிப்போனது. 1948-ஆம் ஆண்டு மின் வழங்கல் சட்டம் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் வாரியமே வகுத்துக்கொள்ள அதிகாரம் தந்தது. அரசாங்கமே நடத்துகிறது, யாரிடம் போய்ப் புகார் சொல்வது என்ற மனநிலை நமக்கும் வந்துவிட்டது. கட்டணம் உயர்ந்ததை மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வோம். ஏன், எதற்கு என்று கேட்கச் சபை எதுவும் இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்தது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்த டிசம்பர் 24-ஐத்தான் இன்றும் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். சட்டத்தில் "சேவை" என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் வங்கி, இன்சூரன்சு, போக்குவரத்தோடு "மின்சாரம் அல்லது பிற எரிசக்தி வழங்கல்" என்றும் ஒரு தொடர் உண்டு. அந்தச் சில சொற்களால், வக்கீல் வைக்காமலேயே ஒரு வீட்டுக்காரர் மின்வாரியத்தை மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்கு இழுக்க முடிந்தது. கேஸ் சிலிண்டருக்கும் அதே தொடர்தான் துணை. 1993-ல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அரசு அமைப்பு என்பதற்காக யாரும் இந்தச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று உறுதியாகச் சொன்னது. சென்னையில் 1985-லேயே தொடங்கிய சி.ஏ.ஜி. போன்ற நுகர்வோர் அமைப்புகளுக்கு இதனால் பிடிமானம் கிடைத்தது.

1998-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களுக்கான மத்தியச் சட்டம், 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2003 மார்ச்சில் அதன் முதல் கட்டண ஆணை. இதன் பலன் என்னவென்றால், கட்டணத்தை உயர்த்துமுன் மனுவை வெளியிட வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பேசியதெல்லாம் நடந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனாலும் சொன்னது ஆவணத்தில் ஏறுகிறது, ஆணையம் அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. முன்பு அதுவும் கிடையாது.

இப்போது நடப்பில் இருக்கும் பெரிய சட்டம் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். பழைய 1910, 1948 சட்டங்கள் இரண்டையும் இது விழுங்கிவிட்டது. நம் போன்ற பென்ஷன்தாரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில பிரிவுகளை மட்டும் சொல்கிறேன்.

56-ஆம் பிரிவு. ஏழு நாள் நோட்டீசு பதினைந்து நாளாக நீண்டது. அதைவிட முக்கியமானது, பலருக்குத் தெரியாதது: பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. அதே பிரிவின் இரண்டாம் பகுதி, ஒரு தொகை முதன்முதலில் கட்டவேண்டியதான நாளிலிருந்து இரண்டு வருடம் கழித்து அதை வசூலிக்க முடியாது என்கிறது. பாக்கி என்று தொடர்ந்து பில்லில் காட்டி வந்திருந்தால் மட்டும் விலக்கு.

இந்த இரண்டு வருடக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராஜஸ்தானில் ஒரு நுகர்வோருக்கு 2009 முதல் 2011 வரை தப்பான கட்டண வகையில் பில் போட்டுவிட்டு, 2014-ல் கண்டுபிடித்து வித்தியாசத்தைக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காலம் கடந்துவிட்டதால் இணைப்பைத் துண்டித்து மிரட்டி வாங்க முடியாது, ஆனால் வேறு சட்ட வழியில் அந்தக் கடனை வசூலிக்கத் தடை இல்லை என்றது நீதிமன்றம். அதாவது கடன் இருக்கலாம், கட்டையைப் பிடுங்குவது மட்டும் கூடாது. நான் முதலில் சொன்ன கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

47-ஆம் பிரிவு. நாம் கட்டிய டெபாசிட்டுக்கு வட்டி தர வேண்டும். 135-ஆம் பிரிவில் மின் திருட்டுச் சோதனை பற்றி வருகிறது. சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும்வரை, வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடனில்லாமல் குடியிருப்புக்குள் சோதனைக்கு வரக் கூடாது. 126-ஆம் பிரிவின்படி முறைகேடான உபயோகம் என்று மதிப்பீடு செய்தால் அதற்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 127-ஆம் பிரிவின்படி முப்பது நாளில், பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் வேறு வாசலில் நின்று காலம் கடத்தியவர்கள் உண்டு.

42-ஆம் பிரிவின்படிதான் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேலே மின்குறை தீர்ப்பாளரும் வந்தார்கள். தமிழ்நாட்டில் 2004-ல் இதற்கான விதிகளும், மின் வழங்கல் விதித்தொகுப்பும் வெளியாயின. மீட்டர் பழுதானால் முந்தைய நான்கு மாதச் சராசரிப்படிதான் பில் போட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொகுப்பில் உள்ளது. நம் மாநில மன்றத்தில் தலைவராக உட்காருபவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் என்பது எனக்குப் பிடிக்காத அம்சம். மறுபடியும் விற்பவன் கையில் தராசு.

எல்லாப் புகாரும் வாரியத்தின் மேல்தான் விழும் என்பதும் இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். வழக்கமாக முந்நூறு யூனிட்டுக்குள் வரும் வீட்டில் ஒருமுறை அறுநூற்றைத் தாண்டிவிட்டது. "மீட்டர் ஓடுது சார், ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று வந்தார். மனுவுக்கு முன் ஒரு சோதனை செய்வோம் என்றேன். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தோம். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மெயினை இறக்கினோம், நின்றுவிட்டது. ஆகவே மீட்டர் யோக்கியன், வீட்டுக்குள்தான் எங்கோ கசிகிறது. எலக்ட்ரீஷியன் வந்து தோண்டியதில், மோட்டாருக்குப் போகும் வயர் மண்ணுக்குள் தோலுரிந்து கிடந்தது. பில்லை விடுங்கள், அந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அவர். "மீட்டரை ஒரு வாரமா திட்டினேன், அதுதான் என் உசிரைக் காப்பாத்திச்சு" என்றார்.

ரீடிங் எடுக்கும் தேதியும் சின்ன விஷயமில்லை. 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் முதல் நூறு இலவசம் போக 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் போய் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! இரண்டு மாதம் முடிந்து நான்கு நாள் தாமதமாக ரீடிங் எடுத்தால், எல்லையில் நிற்கும் வீடு எந்தத் தப்பும் செய்யாமல் அடுத்த படிக்குத் தள்ளப்படுகிறது. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வரமுடியாமல், முந்தைய பில் தொகையையே கட்டச் சொல்லி, பிறகு நான்கு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கிட்டபோது எழுந்த கூச்சல் இந்தப் படிகளால் வந்ததுதான். உயர் நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையில் தலையிட மறுத்துவிட்டது. மாதாமாதம் ரீடிங் வேண்டும் என்று மக்கள் கேட்பது இதனால்தான்.

கடைசியாக, நம்மை எதிர்நோக்கி வரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 31-ல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. புது இணைப்புக்குக் கெடு, மன்றத்தில் நுகர்வோர் பிரதிநிதிகள் என்று நல்ல அம்சங்கள் பல. கூடவே முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டரும் வருகிறது. பணம் தீர்ந்தால் மீட்டர் தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்படி நிற்பதை "இணைப்புத் துண்டிப்பு" என்று கருதக் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். துண்டிப்பு இல்லை என்றால் பதினைந்து நாள் நோட்டீசு எங்கே? "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுக்க அவகாசம் எங்கே?

செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோலத்தானே என்பார்கள் பிள்ளைகள். செல்போன் நின்றால் பக்கத்து வீட்டில் வாங்கிப் பேசலாம். இன்சுலின் வைத்த ஃப்ரிட்ஜ், ஆக்சிஜன் மெஷின், தனியாக இருக்கும் எண்பது வயது அம்மா, இவர்களுக்கு மின்சாரம் நின்றால் யாரிடம் கடன் வாங்குவது? அன்றைக்கு வயர்மேன் சைக்கிளில் வந்தார், நாம் கெஞ்சினால் "சாயந்திரத்துக்குள்ள கட்டிடுங்க" என்று ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வந்ததும் உண்டு. மீட்டருக்கு அந்தக் காது கிடையாது. ஆகவே அந்த அவகாசத்தை விதியில் எழுதித்தான் வாங்க வேண்டும்: இரவிலும் விடுமுறை நாளிலும் நிற்காது, நோயாளி வீட்டுக்குத் தனிக் கெடு, முன்கூட்டியே எச்சரிக்கை. ஆணையம் கருத்துக் கேட்கும்போது இதை நாம்தான் சொல்ல வேண்டும். ஏ.சி. மீட்டிங்குக்குப் போகமுடியாதவர்கள் தபாலில் எழுதி அனுப்பலாம், அதுவும் ஆவணத்தில் ஏறும்.

அதுவரை, பழைய ஈ.பி. அட்டைகளையும் டெபாசிட் ரசீதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.