தகர டப்பாவுக்குக் காகித ஒப்பனை

வெறும் தகர டப்பா, பால்மாவு டின், பிஸ்கட் டின், எவர்சில்வர் சம்படம் ஆகியவற்றின் வெளிப்புறத்தில் அச்சிட்ட தாள், ஸ்டிக்கர், சரிகை, ஜிகினா, ரிப்பன் முதலியவற்றை ஒட்டி அழகு செய்யும் கைவேலை, படங்களை வெட்டி ஏட்டில் ஒட்டிச் சேர்க்கும் மேனாட்டுப் பழக்கத்தின் கிளையாகவே பொதுவாக அறிமுகம் செய்யப்படுகிறது. அதற்கென்றே விற்கும் பூத்தாள் கட்டுகளும் ஒட்டுப்படங்களும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகின்றன. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை வைத்துப் பார்த்தால் இது பாதிதான் சரி. முகமில்லாத பெட்டிக்குக் காகிதத்தால் முகம் கொடுப்பதில்தான் அவ்வூரின் அச்சுத்தொழிலே தொடங்கியது. அங்கே காகிதம் வென்றது நீடித்து உழைப்பதால் அல்ல, எளிதில் மாற்ற முடிவதால். தகர டப்பா ஒப்பனையையும் அந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மறு ஆண்டில் சிவகாசியில் தொடங்கினர். மழை குறைந்த, வெயில் மிகுந்த அந்த மண் குச்சியும் பசையும் காய வசதியாக இருந்தது. தீப்பெட்டி, உள்ளே ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் சரக்கு. ஒரே மாதிரி மருந்து, ஒரே மாதிரி குச்சி, ஒரே அளவுப் பெட்டி. ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டியது மேலே ஒட்டிய லேபிள்தான். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தின் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். அந்த லேபிளின் தேவைதான் அச்சகங்களை ஊருக்குள் வரவழைத்தது. பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை எல்லாம் அதன் பின்னால் வந்தவை. சந்தை மாறினால் லேபிள் மாறும்; பெட்டியைத் தொட வேண்டியதில்லை.

தகரத்தின் மீதே அச்சிடலாமே என்பது நியாயமான கேள்வி. அச்சுக்கல்லை உலோகத் தகட்டின் மேல் நேரே அழுத்தினால் படம் சரியாகப் பதியாது. 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே இதற்கு வழி கண்டார்: படத்தை முதலில் இடையிலுள்ள ஓர் உருளையில் ஏற்றி, அங்கிருந்து தகட்டுக்கு மாற்றினார். ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் போன்ற நிறுவனங்களின் அலங்கார பிஸ்கட் டின்கள் பெருகியது இவ்வகை அச்சால்தான். 1904-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஐரா ரூபெல் இதே முறையைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். ஆப்செட் அச்சு என்று இன்று சிவகாசி முழுதும் ஓடுவது அதன் வாரிசு. தகரத்துக்காகப் பிறந்த தொழில்நுட்பம் காகிதத்திடம்தான் குடியேறியது என்பது சுவையான முரண். காரணம் கணக்கில் இருக்கிறது. தகட்டைச் சமதளமாக வைத்து, பூச்சிட்டு, அச்சிட்டு, சூட்டில் உலர்த்தி, பிறகே வெட்டி வளைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஒரே டப்பா தேவைப்படுபவருக்கே அது கட்டுப்படியாகும். ஏற்கெனவே டப்பாவாகிவிட்ட ஒன்றை அந்த எந்திரத்தில் கொடுக்க முடியாது. அதற்கு மிஞ்சுவது தூரிகையும் பசையும்தான்.

பொருளுக்குச் சிவகாசியில் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகின்றன. அடுத்த ஆடியில் அவை பழசாகிவிடும். தங்கநிற ஃபாயில், புடைப்பு அச்சு, டை வைத்து வெட்டிய ஓரங்கள் என்று ஒட்டுவேலைக் கடைகள் விலை சொல்லி விற்கும் அத்தனையும் அவற்றில் உண்டு. மேலும் கீழும் தகரப் பட்டி இறுக்கிய மாதக் காலண்டரில் காகிதமும் தகரமும் முன்பே கைகோத்தவை. படத்தின் மேல் சரிகையும் ஜிகினாவும் ஒட்டுவதும் புதிதல்ல. ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப் படங்களுக்கு வீடுகளில் துணியும் ஜரிகையும் ஒட்டி உடுத்தினார்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான படங்களில், நகையும் பட்டுக்கரையும் வண்ணத்திலேயே அந்த ஒப்பனையைப் பெற்றிருந்தன.

காகிதம் உரிந்துவிடும், ஈரம் பட்டால் அடியில் துரு பிடிக்கும் என்பது வலுவான ஆட்சேபம். உரிவதற்குப் பெரும்பாலும் காகிதம் பொறுப்பல்ல. மரமும் அட்டையும் பசையின் நீரை உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. நீர் முழுவதும் தாள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே பசையை மெல்லத் தடவ வேண்டும். அதற்கு முன் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெட்டல் பிரைமர் பூசிக் காயவிட வேண்டும். டப்பாத் தகரம் என்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சு பெற்ற எஃகுத் தகடு. தேய்ப்பில் பூச்சு போன இடத்தில் எஃகு வெளிப்பட்டுத் துரு ஏறும். பிரைமரைத் தவிர்ப்பவர்கள் பிறகு பசையைக் குறை சொல்கிறார்கள். தடித்த தாளாக இருந்தால் அதன் நார் டப்பாவின் உயரவாக்கில் ஓட வேண்டும், இல்லையேல் வளைவில் வெடிக்கும். மைதாப் பசை மலிவு, ஆனால் பூச்சிக்குப் பிடிக்கும். அதில் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங்காரர்களின் பழைய வழக்கம். மயில்துத்தம் நஞ்சு என்பதால் அடுக்களை டப்பாவுக்கு அது ஆகாது. இவ்வளவு செய்தும் சில ஆண்டுகளில் தாள் மங்கத்தான் செய்யும். நனைத்து உரித்து வேறு தாள் ஒட்டலாம் என்பதே அச்சிட்ட டின்னுக்கு இல்லாத வசதி.

சாமி படத்தை வெட்டி டப்பாவில் ஒட்டுவது மரியாதையா என்ற கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. பழைய காலண்டர்ப் படத்தைக் குப்பையில் போட மனம் வராதவர்கள், அதைக் கால்படும் இடத்தில் வைக்கவும் தயங்குவார்கள். விபூதி, குங்குமச் சம்படங்களுக்கு அந்தப் படங்களும், மற்றவற்றுக்குப் பூ, பறவை, இயற்கைக் காட்சிகளும் என்ற பிரிவினை நடைமுறைக்கு ஒத்துவரும். உணவுப்பொருள் வைக்கும் டப்பாவில் ஒப்பனை வெளிப்புறத்தோடு நிற்க வேண்டும். அச்சு மை உணவில் படக்கூடாது. செய்தித்தாளில் உணவு பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகள் தடுப்பதும் அதனால்தான். மூடி இறங்கும் விளிம்பிலும் தாள் ஏறக்கூடாது, ஏறினால் முதல் திறப்பிலேயே கிழியும். தீபாவளி மிச்சப் பட்டாசை அழகான டின்னில் பூட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. வெடியை உலோகத்தில் அடைக்காமல் பெரும்பாலும் காகிதத்தில் செய்வதற்குக் காரணம், வெடிக்கும்போது உலோகம் சில்லுகளாகச் சிதறிக் காயப்படுத்தும் என்பதே; மூடிய டின்னும் அதையே செய்யும்.