இருபத்தொன்றாம் நம்பர் எஞ்சின்

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறும்பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இன்று இந்தப் பக்கம் லேத் பட்டறைக்கும் ஃபிட்டருக்கும் பஞ்சமே இல்லை. புகை விட்டு ஓடிக் காட்டத்தான் ஒரு எஞ்சின் இல்லை. நாட்டின் பெரும்பாலான நீராவி எஞ்சின்களும் கடைசியில் பழைய இரும்பாக எடை போடப்பட்டவைதாம். அப்படிப் போகாமல் தப்பி, நூறு வருடம் சும்மா நின்று, பிறகு சென்னையில் மறுபடி ஓடிய ஒன்று உண்டு.

அது பிறந்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் என்ற கம்பெனியின் பட்டறையில், 1855-ஆம் ஆண்டு. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகச் செய்தது, நம்பர் 21. கூடப் பிறந்தது 22. இரண்டும் கப்பலேறிக் கல்கத்தா வந்தன. அந்தக் காலத்தில் ஒரு எஞ்சின் பத்திரமாக வந்து சேர்வதே பெரிய காரியம். அதற்குக் கொஞ்சம் முன்புதான் அதே ரயில்வேக்குப் பெட்டிகள் ஏற்றி வந்த ‘குட்வின்’ கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் முழுகியிருந்தது. எஞ்சினை ஏற்றிய இன்னொரு கப்பல் தவறுதலாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வந்து சேர்ந்தது. இத்தனை கூத்துக்கும் பிறகு ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் ரயில் கிளம்பிய தேதி 1854 ஆகஸ்ட் 15.

இந்த எஞ்சின்களுக்குக் கிடைத்த வேலை, ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் நடுவே லேசான தபால் ரயில்களை இழுப்பது. ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்க ஊர். பாதை அங்கே போனதே கரிக்காகத்தான். 21-க்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். உச்ச வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர்தான் என்பதால் இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். மாட்டு வண்டியும் பல்லக்கும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எக்ஸ்பிரஸ்தான்.

ஆளைப் பார்த்தால் விநோதமான அமைப்பு. முன்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரம், பின்னால் ஒரு ஜோடி, நடுவில் ஆறடி விட்டத்தில் ஒரே ஒரு ஜோடி ஓட்டுசக்கரம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தே முக்கால் மீட்டர் நகரும். பிஸ்டனை அடித்துப்பிடித்து ஓட்டாமலே வேகம் எடுக்க அது வசதி. ஆனால் தண்டவாளத்தைப் பிடித்து இழுப்பது அந்த ஒரு ஜோடி மட்டுமே என்பதால் பாரம் கூடினால் வழுக்கும். தபால் பைக்கு ஒத்துவரும், சரக்குக்கு ஆகாது. எடை 26 டன், சக்தி 130 குதிரைத்திறன். மூவாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி சட்டத்துக்கு அடியில், வயிற்றுக்குக் கீழே தொங்கும்.

1909-இல் 21, 22 இரண்டுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அதன் பிறகு தலைவிதி பிரிந்தது. 22-க்கு 1895-லேயே ‘ஃபேரி குவீன்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஹவுரா நிலையத்துக்கு வெளியே மேடையில் நின்றது, 1943-இல் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது, பிறகு தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் ராணி மாதிரி குடியேறியது. 21-க்கு அந்த யோகம் இல்லை. ஜமால்பூர் பட்டறையிலும் ஹவுராவிலும் பார்வைக்கு நின்றபடியே நூற்றாண்டைக் கழித்தது. பெயரில் ராசி இருக்கிறது என்பவர்களோடு எனக்கு இந்த ஒரு விஷயத்தில் சண்டை இல்லை.

இரண்டையும் மறுபடி சேர்த்தது பெரம்பூர். அங்கேயுள்ள லோகோ ஒர்க்ஸ், மதராஸ் ரயில்வே 1856-இல் தொடங்கிய பட்டறை. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் அதே வருடம். ஆக 21, தன்னைப் பழுது பார்த்த பட்டறையைவிட ஒரு வயது மூத்தது. 1995 டிசம்பர் 6-ஆம் தேதியோடு அகலப்பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் முடிந்துபோனது. அடுத்த வருடமே ஃபேரி குவீனைப் பெரம்பூரில் உயிர்ப்பித்தார்கள். 1997-இல் அது தில்லி கண்டோன்மென்டிலிருந்து ஆல்வாருக்குப் பயணிகளோடு ஓடியது. 1998-இல் கின்னஸிலும் ஏறியது. இன்னும் பத்து வருடம் தள்ளிப் போட்டிருந்தால் வேலை இத்தனை சுலபமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம். பாய்லர் தகட்டைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்திலேயே அதன் நலம் சொல்கிற காது புத்தகம் படித்து வருவதில்லை. அந்தக் காதுக்காரர்கள் ஓய்வு பெறுவதற்குள் ஒரு பழைய எஞ்சின் கைக்கு வந்தது நல்லதாயிற்று.

2010-இல் பெரம்பூருக்கு வந்த 21-இன் நிலைமை மோசம். துருவேறிய பாகங்கள் ஒரு பக்கம், காணாமலே போன பாகங்கள் ஒரு பக்கம். கடையில் போய் வாங்குகிற சாமானா இது? இல்லாததை வரைந்து, வார்த்து, கடைந்துதான் பொருத்த வேண்டும். நீராவி எஞ்சினில் எதை விட்டாலும் பாய்லரை மட்டும் விட முடியாது. நெருப்புப் பெட்டியைச் சுற்றியுள்ள தகடு, அதைத் தாங்கும் ஸ்டே போல்ட்டுகள், புகை போகும் குழாய்கள் எல்லாம் உள்ளிருந்து அரித்துப்போகும். வெளியே பெயிண்ட் அடித்து நிற்கும் எஞ்சினில் அது தெரியவே தெரியாது. அதனால்தான் எந்தப் பழைய பாய்லரிலும் நெருப்பு மூட்டும் முன் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிப் பார்க்கிறார்கள். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. தகடு விட்டுக்கொடுத்தால் கசிந்து நிற்கும். அதே இடத்தில் நீராவி இருந்தால் வெடிக்கும்.

21-இன் பாய்லரிலும் மாற்றங்கள் செய்தார்கள். மின்மோட்டாரில் ஓடும் தண்ணீர் பம்பு, இரட்டை பிரேக் அமைப்பு, கை பிரேக், ஜெனரேட்டர், பேட்டரி, வேகமானி என்று பல புதுசும் ஏறின. பழமைப் பிரியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். 1855 எஞ்சினில் பேட்டரிக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. பாய்லருக்குள் நீராவியாலேயே தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டரை பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஜிஃபார்டு கண்டுபிடித்தது 1858-இல். அதற்கு முந்தைய எஞ்சின்களில் பம்பு, எஞ்சினின் ஓட்டத்தோடு சேர்ந்துதான் அடிக்கும். வண்டி நின்றால் பம்பும் நின்றது. சிக்னலில் வெகுநேரம் நிற்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கினால், ரயிலைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்றுவது அன்றைய வழக்கம். சென்னை சென்ட்ரலில், மின்சார ரயில்கள் நிமிடத்துக்கு நிமிடம் வரும் பாதையில், அப்படி உலாத்த யார் இடம் கொடுப்பார்கள்? பிரேக்கும் அப்படித்தான். வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் வந்ததே 1869-இல். அசல் எஞ்சினை அசலாகவே விட்டால், பின்னால் ஆட்களோடு வரும் பெட்டியைப் பத்திரமாக நிறுத்த அதனால் முடியாது. அசலாக நிற்பதா, திருத்தி ஓடுவதா என்று கேட்டால் என் ஓட்டு ஓடுவதற்குத்தான். அசையாமல் நிற்க அதற்கு நூறு வருடம் கொடுத்தாகிவிட்டது.

2010 ஆகஸ்ட் 15 அன்று 21, சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. தேதி சுதந்திர நாளுக்காக. ஹவுராவின் முதல் ரயிலுக்கும் அதே தேதிதான் என்பது தற்செயல். பிறகு எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கும் ஓடியிருக்கிறது. 2019-இல் கொச்சிக்குப் போய் எர்ணாகுளம்–கொச்சித் துறைமுக நிலையப் பாதையிலும், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கும் ஓடிக் காட்டியது. வங்காளத்தில் தபால் சுமக்க வந்தது, நாட்டின் தென்கோடி வரை வந்துவிட்டது.

கூடப் பிறந்தவள் கதை அத்தனை சுகமாக இல்லை. ஃபேரி குவீனின் பாகங்களை 2011-இல் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். கின்னஸ் பட்டம் பித்தளையைக் காப்பாற்றவில்லை. பழுது பார்க்க அதை அனுப்பிய இடமும் பெரம்பூர்தான். செய்துகொடுத்த லீட்ஸ் கம்பெனி இழுத்து மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பாகம் வேண்டுமென்றால் இந்த இரண்டு எஞ்சினுக்கும் இப்போது தாய்வீடு அந்தப் பட்டறைதான்.